மருந்துக் கடைக்குப் போகாத சனிக்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம். உடம்புக்கு என்று தனியாக ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று நேற்றுதான் போனில் கேட்டேன், இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் முதலில் அதைக் கேட்காமல் பேனா நகர மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் முடிந்துவிட்டது, இப்போது கைத்தடி மட்டும்தான், அதையும் எங்கேயாவது வைத்துவிட்டு, தடியைத் தேடிக்கொண்டு தடியில்லாமலே வீடு முழுக்க நடக்கிறார். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் குட்டியின் ஆடுகிற பல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வகுப்பில் சில பிள்ளைகள் தப்புச் செய்தால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான் என்பதை அறுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.

விஷயம் வண்டி. உனக்குப் படம் அனுப்பினேனே, சாம்பல் நிறம், மூன்று வரிசை இருக்கை, கூரையில் கண்ணாடி, அந்த வண்டி நம் வீட்டுக்கு வரவில்லை. இனி வராது. அதை விற்க இருந்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி மற்றதை ஒழுங்காகச் சொல்ல முடியும்.

நம்முடைய பழைய டீசல் வண்டியின் கதை உனக்குத் தெரியும், நீ கியர் போடப் பழகியதும் ஷெட் சுவரில் அதன் மூக்கை இடித்ததும் அந்த வண்டியில்தான். பதினெட்டு வருஷம் உழைத்த வண்டி. போன குளிர்காலத்தில் உன் மாமியாரும் மாமனாரும் வந்தபோது அவர்கள் தங்கியிருந்த இடத்தின் வாசலில் அது ஏழு தடவை இருமி எட்டாவது தடவை கிளம்பியதும், வெள்ளைப் புகை வாசலையே மூடியதும், உன் மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றதும் உனக்கு நினைவிருக்கும். அவர்கள் நல்ல மனுஷி, பழைய வண்டிக்கு ஒரு ராசி உண்டு என்று சொல்லிச் சிரித்தார்கள். நான்தான் அந்த இரண்டு அடியை மறக்கவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிட்டார், குளிரில் கிளப்ப உதவுகிற ஹீட்டர் பிளக் எல்லாம் மாற்றியாயிற்று, தேய்ந்திருப்பது உள்ளே, சூடான பிறகு குதிரை மாதிரி ஓடும், குளிர்ந்து கிடந்தால் கிளப்புவது உங்கள் பாடு, கூடிய சீக்கிரம் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று. அதற்குப் பதில் வேறு வண்டி, அதுவும் நல்ல உயர்ந்த ரக வண்டியாக, பழையது என்றாலும் பார்த்தால் மதிப்பாக இருக்கிற வண்டியாக வாங்கி, அடுத்த மாதம் நீங்கள் எல்லோரும் வரும்போது அதில்தான் அழைத்து வருவது என்று முடிவு செய்தேன். அப்பாவின் இடுப்புக்கு ஏற்ற உயரத்தில் இருக்கை வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் இருக்கை உயரத்துக்காக மட்டும் யாரும் கண்ணாடிக் கூரை தேடுவதில்லை.

இரண்டு மாதம் சுற்றினோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு விடைகொடுத்தபோது பிள்ளைகள் ஒரு மர மீட்டர் அளவுகோல் பரிசளித்தார்களே, அதைக் கையோடு எடுத்துப் போவேன். தரையிலிருந்து இருக்கை வரை அளப்பேன், அறுபது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அப்பா எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும், எழுபதுக்கு மேல் போனால் ஏற ஏணி வேண்டும். விற்க வந்தவர்கள் அளவுகோலைப் பார்த்ததும் பாதித் தைரியத்தை இழந்தார்கள். அதிலும் எல்லோரும் அப்பாவிடம்தான் பேசுவார்கள். சார், ஓட்டிப் பாருங்க, ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று ஒரு புரோக்கர் சாவியை நீட்ட, அப்பா, எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா, நான் பக்கத்துல உக்காந்து பிரேக் போடச் சொல்ற ஆளு என்றார். எந்த வண்டியைக் கேட்டாலும் டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே கை என்பார்கள். இந்த ஊர் டாக்டர்கள் நோயாளியையே பார்க்கவில்லை போலிருக்கிறது, வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் சும்மா நம்புகிறவளா? மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும், பிரேக் மிதிக்கும் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் என்ஜின் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரிப் பளபளக்கும், எண்ணெய் கசிந்ததை மறைக்கக் கழுவியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நான் செய்வது, வண்டியருகே போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டில் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த என்ஜின் கிளம்பும் லட்சணம் நமக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி நான்கு வண்டிகளைக் கையை வைத்தவுடனேயே வேண்டாம் என்று திரும்பினேன். ஒருவரிடம் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டேன், பரீட்சைக்கு முன்னாடியே பேப்பர் திருத்தி வைக்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதிருந்து என்று. திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நானே சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, அந்த ஆளுக்கு என்ன கஷ்டமோ என்றார்.

கடைசியில் கிடைத்த வண்டி நிஜமாகவே ஒரு டாக்டருடையது, பல் டாக்டர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், நாங்கள் விலை கொடுத்து வாங்கப் போய்ப் பல் டாக்டர் வாசலிலேயே நின்றோம். அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வண்டி அவர்கள் சிகிச்சை அறைக்குப் பின்னால் மரத்தடியில் நின்றது, கையை வைத்தேன், கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நேத்திலருந்து நான் தொடவே இல்ல, நீங்களே சாவி போடுங்க என்று என் கையில் கொடுத்தார்கள். ஒரே முறை, பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தாளை எடுத்து, பல்லைக் காட்டி இது சொத்தை, இது அடைத்தது என்று சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், பின் கதவு ஒரு தடவை இடி வாங்கி வண்ணம் பூசியது, மூன்றாம் வரிசையில் குளிர்காற்று வராது, கண்ணாடிக் கூரை பெருமழைக்கு ஒரு மூலையில் சொட்டும் என்று. இருக்கை உயரம் அறுபத்து நான்கு. அப்பா உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, குட்டி மாதிரி நான்கு தடவை விளையாடினார். இத்தனை வண்டி பார்த்ததில் ஒரு நேர்மையான ஆளைக் கண்டுபிடித்தோம் என்று வீட்டுக்கு வந்து உனக்குப் படம் அனுப்பினேன். நீ அதை உன் மாமியாரிடம் காட்டிப் பெருமைப்பட்டதாகச் சொன்னாய். வேறு ஒருவரும் கேட்டிருக்கிறார், அடுத்த ஞாயிறு வரை உங்களுக்காக வைத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்கள். நம் டீசல் வண்டியை விற்றால்தான் அதை வாங்க முடியும். அது விலை போகவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, அப்போது மறைக்கவில்லை. காலையில் வந்தார்கள், சாவியைப் போட்டார்கள், வண்டி இருமியது, புகை வந்தது, போய்விட்டார்கள். ஒருவர், இது வண்டி இல்லம்மா, சளி புடிச்ச எருமை என்றே சொன்னார். அந்த வாரம்தான் ரொட்டிக் கடைக்காரன் செய்தி அனுப்பினான். அவனை நீ அறிவாய், கடைத்தெரு முனையில் பேக்கரி வைத்திருக்கிறான், நாற்பத்தைந்து வயது இருக்கும், எட்டாம் வகுப்பில் என் மாணவன், அப்பா இன்னமும் தொண்ணூற்றெட்டு என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா, நினைவில்லை. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை அளக்கிற செய்முறை வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்து வெப்பமானி பழசு, தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏறாது. நாற்பத்தொரு பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதுபோல நூறு என்று எழுதிவிட்டார்கள், இவன் ஒருவன் தொண்ணூற்றெட்டு என்று எழுதினான். எழுந்து நிற்கச் சொன்னேன், அடி விழப்போகிறது என்று கையை நீட்டிக்கொண்டு நின்றான். வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், இங்கே ஒருத்தன்தான் செய்முறை செய்திருக்கிறான், மற்றவர்கள் எல்லாம் விடையை முதலில் எழுதிவிட்டு வெந்நீர் போட்டிருக்கிறீர்கள் என்று. அந்த வருஷம் முழுக்க அவன் தலை நிமிர்ந்து நடந்தான். இரு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அவனுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குக் காலை ரொட்டி கொடுக்கும் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் ஆஸ்பத்திரி, ஐந்தரைக்கு இரண்டாவது, பிந்தினால் வேலை போய்விடும். அதற்குத்தான் பெரிய வண்டி வேண்டும் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னான், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கிறேன் டீச்சர் என்றான். கவனித்தாயா, நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில்தான் அவனுக்கு வண்டி கிளம்ப வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக ஒரு சமாதானம் தேட வேண்டாம். மறுநாள் ஞாயிறு, பல் டாக்டரின் கெடு. சனிக்கிழமை ஏழரை மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். ஒன்பது தடவை சாவி திருப்பின பிறகு கிளம்பியது. இருபது நிமிஷம் ஓட விட்டேன். ஷெட் கதவு இரண்டையும் திறந்து, பழைய பரீட்சை அட்டை ஒன்றை எடுத்துப் புகையை வெளியே விசிறினேன். சைலன்சர் வாயில் படிந்திருந்த கரியை ஈரத்துணியால் துடைத்தேன், அந்தத் துணியைக் குப்பைக் கூடையில் மேலே போடாமல் அடியில் செருகினேன். துணியை யாரிடமிருந்து மறைத்தேன் சொல்லு, வீட்டில் இருப்பது அப்பா ஒருவர். உள்ளே வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எங்கே கிளம்பினாய் என்று கேட்டார், எங்கேயும் இல்லை என்றேன். பேப்பரைத் தாழ்த்தி ஒரு தடவை என்னைப் பார்த்தார், மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார்.

ஒன்பதுக்குச் சரியாக வந்தான், தனியாக வந்தான். மெக்கானிக்கைக் கூட்டி வரவில்லையா என்று நானே கேட்டேன், அந்தக் கேள்வியைக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது பார். உங்க வண்டிக்கு எதுக்கு டீச்சர் மெக்கானிக் என்றான். வண்டியைச் சுற்றி வந்தான், பின்னால் தட்டுகள் அடுக்க இடம் போதுமா என்று சாண் போட்டுப் பார்த்தான், முன்னால் வந்து, நான் அத்தனை வண்டிகளில் செய்ததுபோலவே, பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. சூடா இருக்கே டீச்சர் என்றான். என் வாயிலிருந்து ஒரு நொடிகூடத் தயங்காமல் வந்தது, காலைல சாருக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்தேன். அப்பாவுடைய மாத்திரையையும் இடுப்பையும் இழுத்து வைத்து ஒரு பொய். அவன், சார் இப்போ எப்படி இருக்கார் என்று விசாரித்துவிட்டு உள்ளே ஏறிச் சாவியைப் போட்டான். தொட்டதும் கிளம்பியது. அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது ஜன்னல் வழியாக அப்பாவுக்குக் கை அசைத்தான். வண்டி தெரு முனை திரும்புகிற வரை பார்த்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றுதான்: "பரீட்சைக்கு முன்னாடி பேப்பர் திருத்துறது நம்ம வீட்டுக்கும் வந்துடுச்சு." அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டுத் தடியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பல் டாக்டரிடம் போகவில்லை. உடம்பு சரியில்லை, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று போன் செய்தேன், அது இரண்டாவது பொய், முதல் பொய்க்குத் துணைக்கு. அவர்கள் சம்மதித்தார்கள். அந்த வாரம் மூன்று தடவை ரொட்டி வாங்கப் போனேன். மூன்று தடவையும் என்னைத் தூரத்தில் பார்த்ததும் அவன் உள்ளே போய்விட்டான், அவன் மனைவிதான் ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தவன் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனான். புரிந்துவிட்டது அவனுக்கு, திட்ட மனம் வராமல் விலகிப் போகிறான் என்று நினைத்தேன். அதுவே போதுமான தண்டனை என்று என் மனம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது, அவனுக்கே தெரிந்துவிட்டதால் நான் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றுகூட. எத்தனை சாமர்த்தியம் பார். நான்காவது தடவை போனபோது கடை முன்பக்கம் கூட்டமாக இருந்தது, பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். அங்கே நம் வண்டி நின்றது. மூக்கு அடுப்புச் சுவரில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும், பானெட் மேல் மாவுச் சாக்குகளும் ஒரு பழைய கம்பளியும் போர்த்தியிருந்தது, காய்ச்சல் வந்த பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி. அடுப்புச் சூட்டில் என்ஜினை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறான். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் மனைவி சாம்பல் கொட்ட வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, திட்டப் போகிறாள் என்று தயாராக நின்றேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்ககிட்ட அவ்வளவு நல்லா ஓடின வண்டிய ஒரே வாரத்துல கெடுத்துட்டாரு. டீசல் மாத்தி ஊத்திட்டேனோ என்னவோன்னு புலம்புறாரு. உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்காம்."

மகளே, முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றேன், எத்தனையோ தடவை எத்தனையோ பிள்ளைகளைத் தலை குனிய வைத்திருக்கிறேன். என் தப்புக்கு இன்னொருவன் தலை குனிந்து நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ரொட்டி பிந்திப் போயிருக்கிறது, இன்னொரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம், அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து வண்டியோடு மல்லுக்கட்டுகிறானாம். அவளைத் தாண்டி உள்ளே போனேன். அவன் நீள மேசையில் மாவைத் துண்டு போட்டுத் தராசில் வைத்துக்கொண்டிருந்தான், எதிரே வேலைக்காரர்கள் மூன்று பேர். வெளியே கூப்பிட்டுத் தனியாகச் சொல்லலாம் என்று கால் பின்வாங்கியது. அவனைப் புகழ்ந்தது நாற்பத்தொரு பேர் முன்னால், அதனால் இதையும் ஆட்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று நின்றேன். நீ ஒன்றையும் கெடுக்கவில்லை, அன்றைக்கு நான் மருந்துக் கடைக்குப் போகவில்லை, நீ வருவதற்கு முன்னால் இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி வைத்தேன், அந்த வண்டி ஒரு வருஷமாகவே காலையில் கிளம்பாது என்று சொன்னேன். ஒரு வேலைக்காரர் கையிலிருந்த மாவைக் கீழே வைத்துவிட்டார். இவன் வைக்கவில்லை. இன்னும் மூன்று துண்டு வெட்டி, மூன்றையும் நிறுத்து, வரிசையில் வைத்தான். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், மாவு அப்பின கை. "அப்ப என் கை சொன்னது சரிதான்," என்றான். "அடுப்புலயே கெடக்கிற கை, அதனாலதான் எல்லாம் சூடா தெரியுதுன்னு நெனச்சுட்டேன்."

அன்றைக்குப் புத்தகத்தை நம்பாமல் கண்ணை நம்பின பிள்ளை, என் வார்த்தைக்காகத் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறான். பரவாயில்லை டீச்சர் என்று சொல்லுவான் என்று உள்ளுக்குள் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவன் சொல்லாதபோது வலித்தது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பின் இருக்கைகளைக் கழற்றித் தட்டு அடுக்கும் சட்டம் பற்றவைத்தாயிற்று, அதைத் திருப்பி என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அப்படியானால் என்ஜினைப் பிரித்துச் சரி செய்கிற செலவு முழுக்க என்னுடையது, அதுவரை ரொட்டி கொண்டுபோக வாடகை வண்டியும் என் பொறுப்பு என்றேன். "பதினஞ்சு நாளுக்குள்ள முடிச்சுக் கொடுங்க," என்றான். அவ்வளவுதான். கேட்டாயா, அந்த வாக்கியத்தில் டீச்சர் இல்லை.

அங்கிருந்தே பல் டாக்டரிடம் போனேன். உடம்பு சரியில்லை என்றது பொய், வண்டி வேண்டாம், காரணம் இது என்று அதையும் சொல்லிவிட்டேன், ஒரு தடவை வாய் திறந்தால் இரண்டாவது சுலபம் என்று நினைத்தேன், சுலபமில்லை. அவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வேறொருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்றார்கள். போகும்போது மரத்தடியில் அந்த வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கையை வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வீட்டில் அப்பாவிடம் சொன்னேன், வாங்காத வண்டி, சாவியைத் திருப்பிக் கொடுக்கிற வேலைகூட இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அறுபத்து நாலு சென்டிமீட்டர், நல்ல உயரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் அந்த வண்டி மேல் ஆசை இருந்திருக்கிறது.

என்ஜின் வேலை பதின்மூன்றாம் நாள் முடிந்தது. மறுநாள் விடியற்காலை வந்து பார்க்கும்படி அவன் மனைவி மூலம் சொல்லி அனுப்பினான். போனேன், அப்பாவும் தடியை ஊன்றிக்கொண்டு கூட வந்தார். நல்ல குளிர், சந்தில் மூச்சு வெள்ளையாகப் போனது. வண்டியை அடுப்புச் சுவரிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் ராத்திரி முழுக்க நிறுத்தியிருந்தான், மேலே சாக்கு இல்லை, கம்பளி இல்லை. ஏறாமல் நின்றான், முதலில் எனக்குப் பானெட்டைக் காட்டி, "கை வச்சுப் பாருங்க," என்றான். வைத்தேன். குளிர்ந்திருக்கா என்று கேட்டான். குளிர்ந்திருக்கிறது என்றேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்றான். இரண்டு உள்ளங்கையையும் வைத்து, எலும்பு வரை குளிர் ஏறுகிற வரை வைத்திருந்து, குளிர்ந்துதான் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். பிறகுதான் ஏறிச் சாவியைப் போட்டான். ஒரே தடவை. புகை இல்லை. ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான், ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவன் மனைவி அப்பாவிடம் ஒரு சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அப்பாவிடம்தான் கொடுத்தாள்.

அதனால் இப்போது நம் வீட்டில் வண்டி இல்லை. ஷெட்டில் உன் பழைய சைக்கிளும் மர அளவுகோலும் இருக்கின்றன. அடுத்த மாதம் உங்களை அழைக்க வாடகை வண்டிதான் வரும், இருக்கை உயரம் அளந்துதான் சொல்லி வைத்திருக்கிறேன். உன் மாமியாரிடம் படத்தைக் காட்டிவிட்டாய், இப்போது என்ன சொல்வது என்று உனக்குச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தை உனக்குக் கொடுத்ததும் நான்தான். நீ நல்ல பெண், அந்த வண்டியில் ஏதோ கோளாறாம், அம்மா வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று அழகாகச் சொல்லிவிடுவாய். சொல்லாதே. அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, இருந்ததை எல்லாம் அந்த அம்மாள் தாளில் எழுதியே காட்டினார்கள். நடந்ததை நடந்தபடி சொல், முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை அவர்கள் கையில் கொடு. இரண்டு அடி தள்ளி நின்றாலும் பரவாயில்லை, இந்தத் தடவை அதற்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசிகள். குடும்பத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பயமில்லாமல் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருங்கள். குட்டியின் பல்லை நூல் கட்டி இழுக்காதே, தானாக விழட்டும். உன் வண்டியின் சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்று போன மாதம் சொன்னாய், பார்த்தாயா?

இன்னொன்று. நீ வந்ததும் ஒரு நாள் சேர்ந்து ரொட்டி வாங்கப் போவோம். அவன் இப்போது உள்ளே ஓடுவதில்லை, நின்று ரொட்டி எடுத்துக் கொடுக்கிறான், வேறு எப்படியும் கூப்பிடாமல், என்ன வேணும் என்று மட்டும் கேட்கிறான். நான் திரும்பிய பிறகு பின்னாலிருந்து ஒரு தடவை டீச்சர் என்று கூப்பிட்ட மாதிரி முந்தாநாள் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குக் காது நன்றாகக் கேட்கும், நீ பக்கத்தில் நின்று கேள். கேட்டால் மட்டும் சொல், கேட்காவிட்டால் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

(அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டார். ஒரு இடத்தையும் திருத்தவில்லை. சளி பிடித்த எருமை என்று சொன்னவர் இரண்டாவதாக வந்தவர், அதையாவது சரியாக எழுது என்கிறார்.)